உழுது வித்திட்ட கோட்டை

ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில், உழிஞைப் படலத்தில், ‘உழுது வித்திடுதல்’ என்றொரு துறை உண்டு. பகைவனது மதிலைக் கைக்கொண்ட வேந்தன் அவ்விடத்தைக் கழுதை பூட்டிய ஏரால் உழுவித்து, வரகும் கொள்ளும் விதைப்பிப்பதே அத்துறையின் பொருள். புறநானூற்றின் பதினைந்தாம் பாட்டில் நெட்டிமையார் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும்போதும், முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பாட்டில் ஔவையார் பொகுட்டெழினியைப் பாடும்போதும் இச்செயல் பேசப்படுகிறது. வகுப்பில் இதனைப் பாடம் சொல்லும்போதெல்லாம் மாணவியர் ஐயத்தோடுதான் கேட்பார்கள். மதிலை இடித்தால் போதாதா, உழுவானேன், விதைப்பானேன் என்பது அவர்கள் கேள்வி. புலவர்களின் மரபுரை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் நம் வட்டாரத்துக்குத் தெற்கே, 1801ஆம் ஆண்டில், தமிழ் இலக்கணம் எதையும் கல்லாத ஆங்கிலத் தளபதிகள் இத்துறையை எழுத்துப் பிசகாமல் நடத்திக் காட்டினர். கழுதைக்கும் வரகுக்கும் மாற்றாக அவர்கள் கையாண்டது ஆமணக்கு. இடம் பாஞ்சாலங்குறிச்சி.

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு ஒரு கோட்டையைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் கேட்கலாம். மல்லாங்கிணற்றிலிருந்து காரியாபட்டிக்குச் சென்று தூத்துக்குடிச் சாலையைப் பிடித்தால் அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் என்று அது நேராகப் பாளையங்களின் நாட்டுக்குள் இறங்குகிறது. பாரதி பிறந்த எட்டயபுரத்தைக் கடந்து, வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரத்துக்குப் போனால் பாஞ்சாலங்குறிச்சி பக்கத்திலேயே இருக்கிறது. அந்த வரலாற்றில் நமக்குப் பங்கும் உண்டு. 1798இல் கலெக்டர் ஜாக்சனைக் காண வீரபாண்டிய கட்டபொம்மன் இருபத்து மூன்று நாள் அலைக்கழிக்கப்பட்டாரே, அந்தப் பயணம் திருவில்லிபுத்தூர், பேரையூர், பாவாலி, பள்ளிமடை, கமுதி என்று நம் கரிசற்காட்டின் குறுக்கேதான் சென்று இராமநாதபுரத்தில் முடிந்தது. 1799இல் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்துப் பறிமுதல் செய்யப்பட்ட பாளையங்கள் ஐந்து: நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர், ஏழாயிரம்பண்ணை. இவற்றுள் ஏழாயிரம்பண்ணை இன்று நம் விருதுநகர் மாவட்டத்து ஊர். 1801 டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென்னாட்டு மக்கள் ஆயுதம் வைத்திருப்பதையே தடை செய்தது. அதே ஏழாயிரம்பண்ணைச் சுற்றுவட்டாரத்தில் இன்று வெடிமருந்தே அன்றாடக் கூலியாக இருப்பதை வரலாற்றின் குறும்பு என்பதா, கொடுமை என்பதா, அறியேன்.

பாளையம் என்ற சொல்லுக்கே படை தங்குமிடம் என்பதுதான் முதற்பொருள். பதினாறாம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் மதுரை நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாக வகுத்து, மதுரைக் கோட்டையின் கொத்தளம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பாளையக்காரரின் பொறுப்பில் விட்டனர் என்பது மரபு வழிச் செய்தி. (அந்த மதுரைக் கோட்டையைக் கலெக்டர் பிளாக்பர்ன் 1840களில் இடித்து அகழியைத் தூர்த்தார். வெளி வீதிகளில் நடக்கும் நாம் அதன் மேல்தான் நடக்கிறோம்.) நாயக்கர் ஆட்சி மறைந்தபின் பாளையங்கள் நடுவில் வலியதோர் அரசின்றி எல்லைக் காவல் அரண்களாக எஞ்சி நின்றன.

பாஞ்சாலங்குறிச்சிக்கு எல்லை என்பது இருபுறமும் இருந்தது. கிழக்கே தூத்துக்குடிக் கரையை 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய டச்சுக்காரர்கள் இருந்தனர். மேற்கே பாளையங்கோட்டையில் கும்பினிப் படை. இடையில் இருந்த பாளையக்காரர் இரண்டு பக்கமும் பேசித்தான் ஆகவேண்டும். 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லார்ட்டன் இக்கோட்டையைத் தாக்கிப் பிடித்தபோது, கட்டபொம்மு நாயக்கர் கொழும்பு டச்சு அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் மூல ஆவணம் உள்ளே கிடைத்தது. இந்தக் கட்டபொம்மு நாயக்கர் நாம் அறிந்த வீரபாண்டியருக்கு முந்தியவர். பட்டப்பெயர் ஒன்றாகையால் பலரும் மயங்குகின்றனர். 1799இல் திடீரென எழுந்து மடிந்த ஒரு கலகத்தின் இடமாக மட்டும் இக்கோட்டையைப் பார்ப்பது குறையுடைய பார்வை. இரு ஐரோப்பிய வல்லரசுகள் உரசிக்கொண்ட விளிம்பில் தலைமுறை தலைமுறையாக நின்ற காவல் அரண் அது.

அந்த அரண் எப்படி இருந்தது? இங்குதான் நம்மில் பெரும்பாலோர் வழி தவறுகிறோம். 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தின் போர்க்காட்சிகள் ஜெய்ப்பூரில் படமாக்கப்பட்டன. ஓங்கிய மதிலும் அகன்ற களமும் நம் மனக்கண்ணில் பதிந்துபோயின. 1801ஆம் ஆண்டுப் போரில் நேரில் கலந்துகொண்டு, பின்னர் 1830இல் தம் படைத்துறை நினைவுகளை இலண்டனில் அச்சிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் காட்டும் கோட்டை வேறு. ஒழுங்கற்ற நீள்சதுரம். நீண்ட பக்கங்கள் ஏறத்தாழ ஐந்நூறு அடி, குறுகிய பக்கங்கள் முந்நூறு அடி. மதில் முழுவதும் மண். உயரம் பன்னிரண்டு அடி அளவு. சிறுசிறு சதுரக் கொத்தளங்கள், அவற்றில் சில பழைய பீரங்கிகள். சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. அகழி இல்லை. நம் ஊர்க் கண்மாய்க்கரை ஒன்றைச் சதுரமாக வளைத்து முள் அடைத்தாற்போன்ற தோற்றம் என்று எண்ணிக்கொண்டால் பெரும்பிழை இராது.

மண்ணாக இருந்ததே அதன் வலிமை. அந்த மண் மிகவும் இறுகிய, ஒட்டும் தன்மை கொண்ட மண் என்கிறார் வெல்ஷ். கல்மதிலில் விழும் குண்டு கல்லைப் பிளந்து சிதறடிக்கும். மண்மதிலில் விழும் குண்டு உள்ளே புதைந்து அடங்கிவிடும். வடக்கே பரத்பூரின் மண்கோட்டையை 1805இல் ஜெனரல் லேக் நான்கு முறை தாக்கியும் ஏற முடியாமல் திரும்பினார் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாஞ்சாலங்குறிச்சியிலோ இன்னொரு நுட்பமும் இருந்தது. கொத்தளங்களின் உட்புறத்தைக் குடைந்து, மேலே கால்வைக்க இடமின்றிச் செய்து, உள்ளிருந்தோர் கண்ணுக்குப் புலப்படாமல் நீண்ட ஈட்டிகளோடு நின்றனர். பிளவு வழியாக ஏறி வந்த சிப்பாய் அடுத்த அடி எங்கே வைப்பது என்று தெரியாமல் ஈட்டி முனையில் விழுந்தான். இதைக் கோட்டை விழுந்தபிறகுதான் கும்பினியார் கண்டறிந்தனர்.

1799ஆம் ஆண்டு நிகழ்ச்சிகள் அன்பர்கள் அறிந்தவை, விரித்துரைக்க வேண்டுவதில்லை. செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் நடத்திய தாக்குதல் ஐரோப்பிய அதிகாரிகள் சிலரைப் பலிகொடுத்துத் தோற்றது. ஓரிரு நாளில் கட்டபொம்மன் இரவோடிரவாகக் கோட்டையை விட்டு அகன்றார். புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்களால் பிடிக்கப்பட்டார். அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது. மற்றப் பாளையங்களின் கோட்டைகளையும் இடிக்க ஆணை பிறந்தது.

விரித்துரைக்க வேண்டியது 1801. பிப்ரவரி 2ஆம் நாள் மாலை, பாளையங்கோட்டையில் மேஜர் மெக்காலே வீட்டு விருந்தில் வெள்ளையர்கள் கூடியிருந்த வேளையில், சிறையிலிருந்த ஊமைத்துரையும் தம்பி செவத்தையாவும் உடனிருந்தோரும் காவலைத் தகர்த்து வெளியேறினர். செய்தியறிந்த படை கயத்தாற்றில் திரண்டு 9ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சி முன் வந்து நின்றது. அடியோடு இடித்துவிட்டுச் சென்ற கோட்டை அங்கே மதிலெழுந்து நின்றது! இடையில் இருந்தவை ஒரு வாரம்கூட நிறையாத நாட்கள். வெல்ஷ் தம் வியப்பை மறைக்கவில்லை. படை திரும்பிப் போயிற்று. மேலும் ஆள் திரட்டி மார்ச் 31ஆம் நாள் மறுபடி தாக்கினர். முந்நூறு பேருக்கு மேல் செத்தும் புண்பட்டும் வீழ்ந்ததுதான் மிச்சம். பிறகு லெப்டினன்ட் கர்னல் அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்து சேர்ந்து, மே 24ஆம் நாள் கோட்டையைப் பிடித்தார்.

அந்த ஒரு வாரத்தைப் பற்றி நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. ஆயிரத்து அறுநூறு அடிச் சுற்றளவுக்குப் பன்னிரண்டு அடி உயரம் மண் சுமந்தவர்கள் யார்? மண் வெட்டியவர், நீர் இறைத்தவர், மிதித்துக் குழைத்தவர், கூடை தூக்கிய பெண்கள் என்று ஊரே இறங்கியிராவிட்டால் இது நடந்திருக்காது. வேற்றூரிலிருந்து சிற்பியை வரவழைக்க வேண்டிய கோட்டையாக இருந்தால் அது இடிந்தது இடிந்ததுதான். ஆண்டுதோறும் மழைக்குப்பின் கரை எடுத்துக் கட்டும் கை பழகிய மக்களுக்கு மண்மதில் புதிய வேலையன்று. மண்கோட்டை கட்டி முடிக்கப்படுவது என்பதே இல்லை. அது ஒவ்வொரு மழைக்கும் கரைந்து, ஒவ்வொரு கோடைக்கும் திரும்பக் கட்டப்படுவது. பழமையைப் பேணுதல் என்று இன்று நாம் சொல்வதை அவர்கள் மண்வெட்டியால் செய்தனர். கும்பினியாரும் இதைப் புரிந்துகொண்டனர் என்றே கருதவேண்டும். 1799இல் இடித்ததோடு நின்றவர்கள், 1801இல் இடித்து, உழுது, ஆமணக்கு விதைத்தனர். பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரையே கணக்குகளிலிருந்து நீக்கினர். மதில் மீண்டும் எழக்கூடாதெனின் அந்த மண் கோட்டை மண்ணாக இருக்கக்கூடாது, புன்செய் மண்ணாக வேண்டும்! மாணவியர் கேட்ட ‘உழுவானேன்’ என்ற கேள்விக்கு இதனினும் தெளிந்த விடை எந்த உரையாசிரியரிடமும் எனக்குக் கிடைத்ததில்லை.

கோட்டை விழுந்த அன்றைய நிகழ்ச்சி ஒன்றையும் வெல்ஷ் பின்னர்க் கேட்டறிந்து எழுதியிருக்கிறார். பக்கத்து ஊர்ப் பெண்கள் களத்தில் தம் மக்களின் உடல்களைத் தேடி வந்தனர். ஒரு தாய் தன் மகன் குற்றுயிராகக் கிடப்பதைக் கண்டு எடுக்கப்போனாள். அவனோ, என்னை விடு, அருகில் கிடக்கும் சாமியைக் காப்பாற்று என்றான். சாமி என்றது ஊமைத்துரையை. மகனை விட்டுவிட்டு அவரைத் தூக்கிச் சென்று வீட்டில் கிடத்தினாள். எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது பெண்கள் அவர்மேல் வெள்ளைத்துணி போர்த்தி, அம்மை கண்டு இறந்த பிள்ளை என்று ஓலமிட்டு அழுதனர். அம்மை என்ற சொல்லைக் கேட்டவர்கள் அங்கே நிற்கவில்லை. ஊமைத்துரை பிழைத்தெழுந்து மருது சகோதரர்களிடம் சென்று, காளையார்கோயில் போரிலும் நின்று, 1801 நவம்பரில் இதே பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தாயின் பெயரை வெல்ஷ் எழுதவில்லை. எதிரியின் நூலில் பெயரின்றியேனும் அவள் இடம்பெற்றது நம் நற்பேறு. புறநானூற்று மூதின்முல்லையைக் கற்பிப்போர் இந்நிகழ்ச்சியையும் உடன்வைத்துக் கற்பிக்கலாம் என்பது என் துணிபு.

விதைத்த ஆமணக்கு முளைத்தது. ஆனால் பெயர் அழியவில்லை. அரசுக் கணக்கில் இல்லாத ஊர் கும்மியிலும் சிந்திலும் கதைப்பாடலிலும் இருந்தது. அவற்றைப் பாடியவர்கள் பெரும்பாலும் எழுத்தறியாதவர்கள். பிற்காலத்தில் பேராசிரியர் நா. வானமாமலை அக்கதைப்பாடலை ஆராய்ந்து பதிப்பித்தார். ஒட்டப்பிடாரத்து ஜெகவீரபாண்டியனார் ‘பாஞ்சாலங்குறிச்சி வீர சரித்திரம்’ எழுதினார். ம.பொ.சி.யின் நூலும் அதன்பின் திரைப்படமும் கட்டபொம்மனைத் தமிழகம் முழுதுக்கும் உரியவராக்கின. கொள்ளைக்காரர் என்று மறுத்து நூலெழுதிய தமிழ்வாணனும் ஒருவகையில் அப்பெயரை வாழவைத்தவரே. இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் வேலையன்று. கதைப்பாடலை வரலாறாகவே கொள்வோரும், கதைதானே என்று தள்ளுவோரும் ஒரே பிழையைச் செய்கின்றனர் என்பதை மட்டும் சொல்லவேண்டும். அப்பாடல் நாளையும் எண்ணையும் பிழையாகச் சொல்லலாம். எவர் எவரோடு நின்றார், எந்த ஊர் எந்த ஊரைக் காட்டிக்கொடுத்தது என்பதில் அதன் நினைவு கூரியது. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றைக் கையில் வைத்துக்கொண்டு பாடலைக் கேட்டால், ஒன்றின் மௌனத்தை மற்றது நிரப்புவதைக் காணலாம்.

இனி, இன்றைய நிலை. 1960களின் இறுதியில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே அகழாய்வு நடத்தி, மண்மேட்டின் அடியில் செங்கற் கட்டடங்களின் அடித்தளங்களை வெளிக்கொணர்ந்தது. நூற்றறுபது ஆண்டு உழவுக்கும் எட்டாத ஆழத்தில் அவை காத்துக் கிடந்தன. 1974இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது அங்கே நினைவுக் கோட்டை எழுப்பப்பட்டது. உட்சுவர்களில் வரலாற்றைச் சித்திரங்களாகத் தீட்டியிருக்கிறார்கள். பெயரைக் கணக்கிலிருந்தே நீக்கிய ஆட்சிக்கு, நூற்றெழுபத்து மூன்று ஆண்டு கழித்து அளித்த விடை அது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் அது நினைவுச்சின்னம். பாதுகாக்கப்பட்ட கோட்டை அன்று. இந்த வேறுபாட்டை அங்கே செல்பவர் எவருக்கும் எவரும் சொல்வதில்லை.

மாணவியரை அழைத்துச் சென்ற ஓராண்டில் நான் கண்டதைக் கூறுகிறேன். நாற்பது பேரும் நினைவுக் கோட்டையின் வாயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டனர். பழைய அடித்தளங்கள் கிடக்கும் பக்கம் ஐந்தாறு பேர்தான் வந்தனர். வந்தவர்களில் ஒருத்தி, “இது என்னம்மா, ஏதோ பழைய வீடா?” என்று கேட்டாள். அவள்மேல் குற்றமில்லை. திரைப்படமும் நினைவுக் கோட்டையும் அவளுக்குக் காட்டிய கோட்டைக்கும் முழங்காலளவு உயர்ந்த இந்தச் செங்கல் வரிசைக்கும் உறவு இருப்பதாக அவள் எப்படி எண்ணுவாள்? இன்னும் சற்றுத் தள்ளி, 1799இலும் 1801இலும் இறந்த ஆங்கிலேயரின் கல்லறைகள் உள்ளன. அவ்விடம் வரை வந்தவர்கள் இருவர். தோற்கடிக்கப்பட்ட தாக்குதல்களுக்குச் சான்றாக அந்த மண்ணில் பெயரும் நாளும் பொறித்து நிற்பவை அந்தக் கல்லறைகளே என்று அவர்களுக்குச் சொன்னேன். பகைவனின் கல்லறையை நாம் பேணவேண்டியது அவனுக்காக அன்று, நமக்காக.

பழையது தொடர்ந்து உயிரோடிருக்கும் ஓரிடமும் அங்கே உண்டு. அது கட்டபொம்மன் மரபினரின் குலதெய்வமாகிய வீரசக்கதேவி கோயில். ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கே விழா எடுக்கின்றனர். கோட்டை விழுந்த மாதமும் மே என்பது கருதத்தக்கது. விழாநாளில் சுற்றூர்களிலிருந்து சுடரேந்தி ஓடிவருவோரைக் காணலாம். சட்டத்தால் காக்கப்படும் சின்னத்துக்கு 1966ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் தொன்மைச் சின்னங்கள் சட்டம் இருக்கிறது. அச்சட்டம் கம்பிவேலி போடும், அறிவிப்புப் பலகை வைக்கும். வழிபாடு காப்பது வேறு வகை. நம் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் வைப்பாற்றங்கரை மேட்டைத் தொல்லியல் துறையினர் தோண்டி வருகையில் கிடைத்த ஒவ்வொரு சங்கு வளையல் துண்டும் நாளிதழில் வந்தது, நாமும் மகிழ்ந்தோம். அத்தகைய ஆர்வத்தில் ஒரு பங்கு பாஞ்சாலங்குறிச்சி மேட்டின்மீதும் விழலாம். அன்று தோண்டியவர்களுக்கு இல்லாத கருவிகள் இன்று உள்ளன. மண்மதில் ஓடிய தடத்தையே நிலத்தைக் கிளறாமல் கண்டறிய முடியும்.

நம் வட்டத்தினர் கவிஞர்கள். அகழாய்வு நம் கையில் இல்லை. ஆனால் இரண்டு வேலைகள் நம்மால் ஆகும். ஒன்று, நம் பக்கத்து ஊர்களில் இன்னும் கும்மியாகவோ ஒப்பாரியாகவோ தெருக்கூத்தாகவோ எஞ்சியிருக்கும் கட்டபொம்மன் பாடல்களை, பாடுவோர் குரலிலேயே பதிவுசெய்து வைப்பது. அச்சான பதிப்பு இருக்கிறதே என்று அமைய முடியாது. ஊருக்கு ஊர் பாடம் மாறும். ஏழாயிரம்பண்ணையில் பாடுவதும் ஒட்டப்பிடாரத்தில் பாடுவதும் ஒன்றாயிரா. பாடத்தெரிந்தவர்களுக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

மற்றொன்றை ஒரு விண்ணப்பமாகத் தொல்லியல் துறைக்கு அனுப்பலாம் என்று கருதுகிறேன். பழைய அடித்தளங்களுக்குச் சேதமின்றி, காப்பிட எல்லைக்கு வெளியே, ஒரு மண்மதிலை வெல்ஷ் சொன்ன அளவிலேயே கட்டிக் காட்டவேண்டும். முழுக்கோட்டை வேண்டா. பன்னிரண்டு அடி உயரம், இருபதடி நீளம், ஓரத்தில் உள்குடைந்த ஒரு கொத்தளம், வெளியே முள்வேலி. சிமெண்டு கூடாது. கரைந்தால் கரையட்டும், ஒவ்வோராண்டும் அவ்வூர் மக்களும் வரும் மாணவர்களும் சேர்ந்து திரும்பப் பூசட்டும். மழை ஓய்ந்து மண் பதமாக இருக்கும் பிப்ரவரித் தொடக்கம் இதற்கு ஏற்ற காலம். ஊமைத்துரையின் ஆட்கள் மண் வெட்டத் தொடங்கியதும் அந்த வாரத்தில்தான்.